கூதலுக்குக் கனமாக உடுத்தாதீர்கள்: நெல்லையிலிருந்து மலைக்குப் போகும் சைக்கிள்காரர்களுக்கு

திருநெல்வேலிச் சீமையில் கூதல் என்பது மார்கழி விடியக்காலத்து விஷயம். பிசான நெல் நிற்கும் வயலோரம், ஆற்றங்கரை ரோடு, இரண்டிலும் பனி இறங்கும். ஏழரை மணிக்கு வெயில் வந்துவிட்டால் அதுவும் போச்சு. அதனால் நம் வீடுகளில் குளிர் உடுப்பு என்று தேடினால் அகப்படுவது ஒரு கம்பளி ஸ்வெட்டர், ஒரு மங்கி கேப், பழைய மப்ளர். இந்த மூன்றையும் சுருட்டிக்கொண்டு கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ சைக்கிளோடு போகிறவர்கள் ஏறும்போது வேர்த்து நனைகிறார்கள். இறங்கும்போது அந்த ஈரத்தோடு விறைத்துப் போகிறார்கள். உடுப்பு குறைந்துபோனதால் நடுங்குகிறவர்களைவிட, தப்பான உடுப்பை அதிகமாகப் போட்டு நடுங்குகிறவர்கள்தான் கூடுதல்.

மலையில் 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6 முதல் 6.5 டிகிரி குறையும். கொடைக்கானல் 2100 மீட்டரை ஒட்டி இருக்கிறது, ஊட்டி 2200-க்கும் மேலே. காலையில் கொடைக்கானல் மலையடிவாரத்து வத்தலக்குண்டில் 20 டிகிரி இருக்கும்போது மேலே 8, 9 டிகிரி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இது நிற்கிற ஆளுக்கான கணக்கு. 40 கி.மீ. வேகத்தில் இறங்குகிறவருக்கு எதிர்க்காற்றும் சேர்ந்துகொள்ளும். அந்த வேகத்தில் 10 டிகிரி என்பது முகத்துக்கு 6 டிகிரி போல இருக்கும். 5 டிகிரி என்றால் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும்.

வேர்வையைப் பற்றி முதலில்

மிதியை 150 வாட் பலத்தோடு ஒருவர் மிதித்தால், அதைப்போல மூன்று மூன்றரை மடங்கு சூட்டை அவர் உடம்பு வெளியே தள்ளும். மலையேற்றத்தில் வேகம் 8 முதல் 12 கி.மீ.தான். எதிர்க்காற்று கிடையாது, சூடு போக வழி கிடையாது. அதனால் 10 டிகிரியிலும் சட்டை நனைகிறது. இறக்கத்தில் எல்லாம் தலைகீழ். மிதிப்பதே இல்லை, சூடு உண்டாவது நின்றுபோகிறது, காற்றோ நாலு மடங்கு. நனைந்த துணியில் அந்தக் காற்று பட்டால், ஈரம் உலர்வதற்கு வேண்டிய சூட்டை உங்கள் உடம்பில் இருந்துதான் உருவும். மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே வேலையால்தான்.

ஆகவே உடுப்புக்கு இரண்டே வேலை. ஏறும்போது ஈரத்தை வெளியே விட வேண்டும், இறங்கும்போது காற்றை மறிக்க வேண்டும். ஒரே சட்டை இரண்டையும் செய்யாது. கனமான ஒன்றுக்குப் பதில் மெல்லிசான இரண்டு மூன்று என்று சொல்வது இதனால்தான்.

கிளம்பும்போது பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் பத்து நிமிடம் கொஞ்சம் கூதலாக இருக்க வேண்டும். நிற்கும்போதே இதமாக இருந்தால் ஒரு துணி கூடிப்போய்விட்டது, கழற்றிப் பையில் வையுங்கள்.

உடம்போடு ஒட்டுகிற துணி

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் இருக்கின்றன.

பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கு அது தெய்வம். வேர்வையைக் குடித்து, நூலுக்குள் வைத்துக்கொண்டு, மெதுவாக உலர்ந்து உடம்பைக் குளிர வைக்கும். வெயிலில் அது கொடுக்கும் அந்தச் சுகமே மலையில் வில்லங்கம். பாலியஸ்டர் நூல் தண்ணீரைக் குடிக்காது, துணியின் மேல் பக்கத்துக்குக் கடத்திவிடும். மெரினோ கம்பளி இன்னும் நல்லது. ஈரத்திலும் கதகதப்பு போகாது, மூன்று நாள் போட்டாலும் நாறாது. விலைதான் கூடுதல்.

‘தெர்மல்’ (குளிருக்கு உள்ளே போடும் உடுப்பு) என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். கடைகளில் வரும் தெர்மலில் பெரும்பகுதி பருத்தி கலந்தது. வீட்டில் உட்கார்ந்திருக்க அது நன்றாக இருக்கும், சைக்கிளுக்கு ஆகாது. பருத்தி பாதிக்கு மேல் இருந்தால் வைத்துவிடுங்கள். நல்ல தெர்மல் அகப்படவில்லையா, விளையாட்டுச் சாமான் கடையில் விற்கும் கால்பந்து ஜெர்சி, முழுக்கை, உடம்போடு ஒட்டுகிற அளவு, அது போதும். தொளதொள என்று இருந்தால் ஈரத்தை இழுக்காது. தோலைத் தொட்டால்தானே இழுக்கும்.

குளிர் இல்லாத ஊரில் இதை எப்படிச் சோதிப்பது? மேசை விசிறி போதும். உங்கள் பனியனையும் அந்த ஜெர்சியையும் தண்ணீரில் முக்கி, ஒரே அளவு பிழிந்துகொள்ளுங்கள். ஒன்றைப் போட்டுக்கொண்டு விசிறியை முழு வேகத்தில் வைத்து ஐந்து நிமிடம் எதிரே நில்லுங்கள், பிறகு மற்றொன்றைப் போட்டு நில்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மலையில் எப்படி இருக்கும் என்று முதுகே சொல்லிவிடும்.

இரண்டு உள்சட்டை வாங்குங்கள். ஒன்று ஏறும்போது போட, இன்னொன்று பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் சுற்றி மேலே போய் மாற்ற. இந்த இரண்டாவது சட்டை 150 கிராம்கூட இருக்காது. சுமக்கிறதிலேயே மிகவும் பிரயோஜனமான 150 கிராம் அது.

அதற்கு மேலே மெல்லிய ஃபிளீஸ், அதாவது பஞ்சு போன்ற பாலியஸ்டர் துணிச் சட்டை. இது 8 டிகிரிக்குக் கீழே போனால்தான் தேவை. சதுர மீட்டருக்கு 100 கிராம் கனமுள்ளது போதும். தடித்த ஃபிளீஸ் ஜாக்கெட் சுருட்டினால் தலையணை அளவு வரும், சீட்டுக்குப் பின்னால் மாட்டும் சேணப்பையில் அடங்காது. முதுகுப் பையில் போட்டால் முதுகு வேர்க்கும். முதுகில் எதுவும் மாட்டாமல் இருப்பதே நல்லது.

காற்றை மறிக்கிற துணி

மெல்லிய நைலான் விண்ட்சீட்டர், 100 முதல் 150 கிராம். கைக்குள் சுருட்டினால் ஆரஞ்சுப் பழ அளவுக்கு வர வேண்டும், உள்சட்டைக்கு மேலே போடும் சைக்கிள் ஜெர்சியின் பின் பையில் புக வேண்டும். வாங்கும்போது வாயை வைத்து ஊதிப் பாருங்கள். காற்று இழையக்கூடாது, ஆனாலும் துணி ரப்பர் மாதிரி மொத்தமாக இருக்கக்கூடாது. ஜிப் கழுத்தில் இருந்து அடிவரை முழுசாகத் திறக்க வேண்டும், ஏறும்போது பாதி திறந்து விட்டுக்கொள்ளலாம். பின்புறம் முன்புறத்தைவிட நீளமாக இருக்கட்டும். குனிந்து மிதிக்கும்போது இடுப்பு வெளியே தெரிந்தால் அந்த ஒரு சாண் இடமே போதும், கூதல் உள்ளே வர. நிறம் மஞ்சளோ ஆரஞ்சோ. மலையில் மூடுபனி இறங்கினால் கறுப்புச் சட்டைக்காரரை எதிரே வரும் பஸ்காரர் வளைவில்தான் பார்ப்பார்.

மோட்டார் சைக்கிளுக்கு விற்கும் பி.வி.சி. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். அது காற்றையும் மழையையும் மறிக்கும், வேர்வையையும் உள்ளேயே பூட்டி வைக்கும். அரை மணியில் உள்ளே மழை பெய்தது போல நனைந்திருப்பீர்கள். இறக்கத்துக்கு மட்டும் என்றால், வேறு எதுவும் இல்லாத பட்சத்தில், பரவாயில்லை.

விண்ட்சீட்டர் மறந்துபோனதா, தினத்தந்தி இருக்கிறது. ஐரோப்பிய மலைப் பந்தயங்களில் சிகரத்தைத் தாண்டும் வீரர்கள் ரோட்டோரம் நிற்பவர்களிடம் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்குவது நெடுநாள் வழக்கம். இரண்டு முழுத் தாளை விரித்து, மடித்து, நெஞ்சில் இருந்து தொப்புள் வரை வருகிற மாதிரி உள்சட்டைக்கு மேலே, ஜெர்சிக்குக் கீழே வையுங்கள். தாள்களுக்கு நடுவில் அடைபடும் காற்றுதான் கதகதப்பு. தாள் நசநசத்தால் மாற்ற வேண்டும், ஆகவே நாலு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். விண்ட்சீட்டர் இருக்கிறவர்களும் 5 டிகிரிக்குக் கீழே இதைச் செய்யலாம்.

கை

பிரேக்கைப் பிடிப்பது கை. அதனால் கை விறைத்தால் வெறும் அசௌகரியம் இல்லை, ஆபத்து. உடம்பு குளிர்ந்தால் நடு உடம்பைக் காப்பாற்ற கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் முதலில் குறைக்கும். எனவே கை விறைக்கிறது என்றால் உறையை மட்டும் பார்க்காதீர்கள். நெஞ்சு காய்ந்திருக்கிறதா, கழுத்து மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். நடு உடம்பு சூடாக இருந்தால் கைக்குத் தானாக ரத்தம் வரும்.

15 டிகிரிக்கு மேலே அரைவிரல் உறை போதும். அதற்குக் கீழே முழுவிரல். 8-க்குக் கீழே இரண்டு அடுக்கு: உள்ளே மெல்லிய கம்பளி உறை, மேலே காற்று புகாத உறை. மேலுறை ஒரு அளவு பெரிதாக இருக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் ரத்த ஓட்டம் குறையும், இரண்டு அடுக்கு போட்டும் ஒன்று போட்டதைவிட அதிகமாகக் குளிரும். மோட்டார் சைக்கிள் உறை எடுப்பதானால் வீட்டிலேயே போட்டு நூறு தடவை பிரேக்கைப் பிடித்து விடுங்கள், கியரை மாற்றிப் பாருங்கள். எத்தனை கியர் மாறியது என்று விரலுக்குத் தெரியாத உறை வேண்டாம்.

அவசரத்துக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் நைட்ரைல் கையுறையைப் போட்டு, அதற்கு மேலே வழக்கமான உறையை மாட்டலாம். காற்று சுத்தமாகப் புகாது. ஆனால் உள்ளே வேர்வை தேங்கும், அரை மணி, முக்கால் மணி இறக்கத்துக்கு மட்டும்தான் அது. ஏறும்போது போடாதீர்கள்.

முழங்காலும் பாதமும்

முழங்காலைச் சுற்றிச் சதை குறைவு, முன்பக்கம் நேராகக் காற்றில் படும். 15 டிகிரிக்குக் கீழே அதை மூடிவிட வேண்டும். மூடாமல் மலையேறி இறங்கினால் மறுநாள் படிக்கட்டில் தெரியும். முழங்கால் உறை என்று தனியே விற்கிறார்கள். விரலை விட்டுக் கையை மட்டும் மூடும் உறையும் அப்படி உண்டு. கால்பந்து ஆடுகிறவர்கள் போடும் நீளக் காலுறை ஒரு ஜோடி வாங்கி, பாதப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, வெட்டிய ஓரத்தை மடித்துத் தைத்தால் கைக்கு உறை தயார். முழங்காலுக்கும் இதையே போடலாம், தொடை பெருத்தவர்களுக்கு மட்டும் அங்கே நிற்காமல் சரியும், அவர்கள் முழங்கால் உறையைக் கடையில் வாங்குங்கள்.

மெத்தை வைத்த சைக்கிள் டிராயருக்கு மேலே மெல்லிய இறுக்கக் கால்சட்டை போடலாம். மெத்தைக்குள் ஜட்டி போடக்கூடாது, தையல் உரசித் தோல் உரியும். ஜீன்ஸ் வேண்டாம், அதுவும் பருத்திதான், பனியனைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிற பருத்தி.

பாதத்துக்கு ஒரு எச்சரிக்கை: இரண்டு சாக்ஸ் போட்டு அதே ஷூவுக்குள் திணிக்காதீர்கள். விரலை அசைக்க முடியாத ஷூ எத்தனை சாக்ஸ் போட்டாலும் குளிரும். ஒரு கம்பளி சாக்ஸ், அதன்மேல் விரல் பகுதியை மட்டும் மூடுகிற மாதிரி ஒரு சின்ன பாலித்தீன் பை, அதோடு ஷூ. வலைத்துணி ஷூ என்றால் முன்பக்கத்து ஓட்டைகளை வெளியே இருந்து டேப் போட்டு அடைத்துவிடலாம். செருப்போடு மிதிக்கிறவர்கள் மலைக்காவது ஷூ போடுங்கள்.

தலை, காது, கழுத்து

காதை மூடினால்தான் சளி பிடிக்காது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் மங்கி கேப்பை மாட்டிவிடுவார்கள். அக்கறையை மதிப்போம். ஹெல்மெட்டுக்குள் மட்டும் அது வேண்டாம். தடித்த கம்பளி ஹெல்மெட்டை மேலே தூக்கிவிடும், வார் தளரும், விழுந்தால் ஹெல்மெட் நகர்ந்துவிடும். காது முழுசாக அடைந்தால் பின்னால் வரும் பஸ் ஹாரனும் மந்தமாகத்தான் கேட்கும். காது மடலை மட்டும் மூடுகிற மெல்லிய பாலியஸ்டர் பட்டையோ குல்லாவோ போதும்.

கழுத்துக்கு ‘பஃப்’ என்று விற்கும் குழாய்த் துணி ஒன்று வாங்குங்கள். கழுத்தில் போடலாம், மூக்குவரை ஏற்றலாம், காதுக்கும் சுற்றலாம். மப்ளரின் முனை தொங்கினால் சக்கரத்தில் சிக்கும். அதைச் சைக்கிளில் கட்டவே கூடாது.

நிறமில்லாத கண்ணாடி ஒன்றும் வேண்டும். இறக்கத்தில் கூதக்காற்று பட்டால் கண்ணில் நீர் கட்டி ரோடே மங்கலாகிவிடும்.

மேலே போய்ச் சேர்ந்த முதல் ஐந்து நிமிடம்

தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். ஏறி முடித்த சூட்டில் கூதல் தெரியாது. பள்ளத்தாக்கைப் பார்த்தபடி போட்டோ எடுப்பார்கள், பிறகு டீ, பிறகு இன்னொரு டீ. இருபது நிமிடம் கழித்து எழும்போது முதுகு பனிக்கட்டி மாதிரி இருக்கும். அந்த நிலையில் விண்ட்சீட்டரை மாட்டினால் ஈரத்தைத்தான் மூடி வைக்கிறீர்கள்.

சைக்கிளைச் சாத்தியதும் காற்று படாத மறைவுக்குப் போங்கள். நனைந்த உள்சட்டையைக் கழற்றி, ஈரிழைத் துண்டால் நெஞ்சு, முதுகு, அக்குள் மூன்றையும் அழுத்தித் துடையுங்கள். உலர்ந்த உள்சட்டை, அதன்மேல் செய்தித்தாள், ஜெர்சி, விண்ட்சீட்டர், கழுத்துத் துணி, கையுறை. பெண்களுக்கு ரோட்டோரத்தில் மாற்ற வசதி இருக்காது. டீக்கடைக்காரரிடம் கேட்டு உள்ளறையை வாங்கிக்கொள்ளுங்கள், கூச்சப்பட்டு ஈரத்தோடு இறங்க வேண்டாம். இதெல்லாம் முடிந்த பிறகுதான் டீ. சுக்குக் காப்பி கிடைத்தால் இன்னும் நல்லது, கருப்பட்டி கொஞ்சம் கூடவே போடச் சொல்லுங்கள். உடம்புக்குச் சூடு உண்டாக்க எரிபொருள் வேண்டும். கடலை மிட்டாயை வீட்டிலேயே சின்னத் துண்டுகளாக உடைத்து எடுத்து வாருங்கள். உறையோடு இருக்கும் விரலுக்குப் பெரிய பாளத்தை உடைப்பது கஷ்டம்.

தண்ணீர் தாகம் எடுக்காது, ஆனாலும் மணிக்கு அரை லிட்டராவது குடிக்க வேண்டும். மூச்சிலும் வேர்வையிலும் தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கிறது, கூதலில் சிறுநீரும் அதிகம் போகும்.

இறங்கும்போது

ஐந்தாறு கி.மீ.க்கு ஒருமுறை நில்லுங்கள். கட்டைவிரலால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லை என்றால் அந்தக் கையால் பிரேக் பிடித்து அடுத்த வளைவுக்குப் போகக்கூடாது. இறங்கி, இரண்டு கையையும் தோளில் இருந்து முப்பது நாற்பது தடவை வட்டமாகச் சுழற்றுங்கள், ரத்தம் விரலுக்கு ஓடும். பிறகு அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள். விறைத்த கையைச் சுடுசுடு டம்ளரிலோ காரின் பானட்டிலோ வைக்காதீர்கள். உணர்ச்சி இல்லாத தோல் சுட்டது தெரியாமலே வெந்துவிடும்.

உடம்பு நடுங்கினால் ஹேண்டில்பாரும் சேர்ந்து ஆடும். முழங்காலால் சைக்கிளின் மேல் கம்பியை லேசாக அணைத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தால் ஆட்டம் நிற்கும். நடுக்கம் நிற்காமல் பேச்சு குழறினால், ஜிப்பைப் போடக்கூட விரல் வராவிட்டால், அல்லது நடுங்கிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று நடுக்கம் நின்று மந்தமாகிவிட்டால், சவாரி அங்கேயே முடிந்தது. ஈரத்தைக் கழற்றி, உலர்ந்ததைப் போர்த்தி, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் இனிப்பாகச் சூடாகக் கொடுத்து, ஜீப்போ பஸ்ஸோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பிராந்தி கொடுத்தால் சூடு ஏறும் என்பது தப்பு. சாராயம் தோலுக்கு ரத்தத்தை இழுத்து வரும். அதனால் சூடு போலத் தெரியும், உள்சூடோ வெளியே போய்விடும்.

ஜனவரியில் ஊட்டிப் பக்கம் விடியக்காலையில் உறைபனி விழும். அங்கே ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டாம். மரநிழல் வளைவுகள் ஒன்பது மணிவரை ஈரமாகத்தான் கிடக்கும். வெயில் ரோட்டில் விழுந்த பிறகு கிளம்பினால் பாதி உடுப்பு குறையும்.

நம் ஊரிலேயே

மார்கழி விடியலில் நெல்லையில் இருந்து கிருஷ்ணாபுரம் பக்கமோ, அம்பாசமுத்திரம் தாண்டிப் பாபநாசத்துக்கோ போகிறவர்களுக்கு மலை உடுப்பு எதுவும் வேண்டாம். அரைக்கை ஜெர்சி, வெட்டித் தைத்த கை உறை, பையில் விண்ட்சீட்டர். கொடைக்கானலுக்குப் போகும் முன் ஒத்திகை பார்க்க இந்தச் சவாரிதான் இடம். பாதி வழியில் நின்று, கடிகாரம் பார்த்து, உள்சட்டை மாற்றி எல்லாவற்றையும் மாட்ட எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் பையில் அடுக்கிய வரிசை சரியில்லை, முதலில் வேண்டியது மேலே இருக்க வேண்டும்.

குற்றாலச் சீசன் வேறு கதை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று தள்ளும், சாரல் விட்டு விட்டு விழும். வெப்பமானி 24, 25 காட்டும். ஆனால் இரண்டு மணி நேரம் நனைந்தபடி எதிர்க்காற்றில் மிதித்தால் அங்கேயும் உதடு நீலம் பூக்கும். சாரலில் நனையாமல் இருக்க முயல வேண்டாம், அது நடக்காது. நனைந்தாலும் குளிராமல் இருப்பதுதான் வழி: பாலியஸ்டர் உள்சட்டை, கையில்லாத விண்ட்சீட்டர், இரண்டு சக்கரத்துக்கும் மட்கார்டு. முதுகையும் பாதத்தையும் நனைப்பது வானத்தைவிடச் சக்கரம்தான் அதிகம்.

துவைக்கும்போது

பாலியஸ்டர் உள்சட்டையையும் விண்ட்சீட்டரையும் வாசனைக்காகக் கடைசி அலசலில் ஊற்றும் துணி மிருதுவாக்கியில் நனைக்காதீர்கள். அது நூலின் மேல் மெழுகு போலப் படியும், அப்புறம் துணி ஈரத்தை இழுக்காது. சோப்பும் குறைவாகவே போடுங்கள், நன்றாக அலசுங்கள். வேர்வை வாடை போகவில்லை என்றால் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு டம்ளர் வினிகர் விட்டு அரை மணி ஊறவைத்துத் துவைத்தால் போய்விடும். கம்பளி சாக்ஸை வெந்நீரில் போட்டால் சுருங்கும், பச்சைத் தண்ணீரே போதும். முறுக்கிப் பிழியாமல், நம் ஊர் உச்சி வெயிலில் போடாமல், நிழலில் உலர்த்துங்கள். விண்ட்சீட்டருக்கு இஸ்திரிப் பெட்டி ஆகாது, நைலான் உருகிவிடும்.